தொண்டை சரியில்லாத மேடம்

"மேடம், உங்களைத்தான் நம்பியிருக்கேன். என்னைக் கைவிட்டுடாதீங்க மேடம்!"

குளியலறைக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தின் மறைவில் போனில் குழைந்துகொண்டிருந்தார் அவர். பணி ஓய்வு பெற்ற பஸ் செக்கர். இந்த வயதில் இப்படி ஒரு குழைவா என்று யாராவது தப்பாக நினைக்கலாம். நினைக்கட்டும், விஷயம் அதைவிட மோசம்.

மேடம் என்பவர் வாட்ஸ்அப்பில் வந்த முதலீட்டு ஆலோசகர். போட்ட பணத்தை ஆறே மாதத்தில் இரட்டிப்பாக்கித் தருபவர். தொண்டை சரியில்லை என்பதால் மேடம் பேசமாட்டார், இவர் குரலைப் பதிவு செய்து அனுப்பினால் எழுத்தில் பதில் வரும். ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த மொத்தப் பணத்தையும் அந்தத் தொண்டையை நம்பித்தான் கட்டியிருந்தார் மனிதர்.

வேலையில் இருந்த காலத்தில் பயணிகள் இவருக்கு வைத்த பெயர் கழுகு. டிக்கெட் எடுக்காதவனை முழியை வைத்தே பிடித்துவிடுவார். "என்னை ஏமாத்தறவன் இனிமேதான் பொறக்கணும்" என்று மனைவியிடம் அடிக்கடி அளப்பார். அவளும் தையல் மிஷினை மிதித்தபடியே கேட்டுக்கொள்வாள்.

கூடத்தில் அந்த மிஷின் சத்தம் நின்றது. சற்று நேரத்தில் போன் மினுங்கியது.

"பொறுமை மிக முக்கியம் ஐயா. இப்போது பணத்தை எடுத்தால் நஷ்டம்."

"நஷ்டமானா ஆயிட்டுப் போகட்டும் மேடம்! சாயங்காலம் வீட்டுக்காரர் வர்றாரு. அட்வான்ஸ் கொடுக்கலேன்னா வீட்டை வேற ஆளுக்கு வித்துடுவாரு!"

கல்யாணமான நாளிலிருந்து இந்த வாடகை வீட்டில்தான் குடித்தனம். வீட்டுக்காரர் விற்க முடிவெடுத்ததும் முதலில் இவர்களிடம்தான் கேட்டிருந்தார். சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட அனுமதி வாங்கியே வாழ்ந்துவிட்ட மனைவிக்கு, வாங்கியே தீர வேண்டும் என்று ஆசை.

மேடத்திடமிருந்து பதில் இல்லை. மிஷின் மறுபடியும் ஓட ஆரம்பித்தது.

கழுகு வெளியே வந்து, மிஷின் அருகே தரையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"பணம் போயிடுச்சும்மா."

"எந்தப் பணம்?"

"எல்லாப் பணமும்." அதற்கு மேல் அடக்க முடியாமல் அழுதுவிட்டார். "டபுள் ஆகும்னு ஒருத்திகிட்ட கட்டினேன். இப்ப கேட்டா பொறுமைங்கறா. ஆணி அடிக்கணும்னு எவ்வளவு ஆசையா இருந்தே! என்னைச் செருப்பால அடி."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். தைத்துக்கொண்டிருந்த துணிக்கு அடியிலிருந்து ஒரு போனை எடுத்து அமுக்கினாள்.

"என்னைக் கைவிட்டுடாதீங்க மேடம்!" என்று கழுகின் குரல் கூடம் முழுக்கக் கதறியது.

அவருக்கு அழுகை நின்று விக்கல் வந்தது. "நீயா?"

"நானேதான். அந்த விளம்பரத்தை நீங்க வாயைப் பொளந்துக்கிட்டு பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு, பணம் கைநழுவப் போகுதுன்னு. நான் சொன்னா கேக்கற ஆளா நீங்க? அதான் எவகிட்டயோ போறதுக்கு முன்னாடி, புது நம்பர் வாங்கி நானே மேடமாயிட்டேன்."

"அப்ப, நான் பணம் அனுப்பின கணக்கு?"

"என் தங்கச்சியோடது. பேரைக்கூடவா பாக்கல?"

"பாத்தேன். கொழுந்தியா பேராச்சே, ராசின்னு நினைச்சேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஊரார் டிக்கெட்டையெல்லாம் உற்றுப் பார்த்த மனிதர் அசடு வழியச் சிரித்தார்.

"அது சரி, தினமும் லாபக் கணக்குன்னு கலர் கலரா படம் வந்துச்சே? அசல் கம்பெனி மாதிரியே இருந்துச்சே?"

"அதுவா? எனக்கு வர்ற படத்துல பேரை மட்டும் மாத்தி உங்களுக்குத் தள்ளிவிட்டேன்."

பணம் பத்திரம் என்றான பிறகு மற்றதெல்லாம் கழுகின் காதில் ஏறவில்லை. முப்பது வருடத்தில் முதல்முறையாக மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீ மட்டும் இல்லேன்னா இன்னிக்கு நடுத்தெருவுல நின்னிருப்பேன்மா. உனக்கு இருக்கற மூளையில கால்வாசி எனக்கு இல்ல."

"இனிமேலாவது நாலு பேரை விசாரிச்சுக் காரியம் பண்ணுங்க. ஆசை காட்டினா உடனே பின்னாடி போயிடறதா?" சொல்லும்போதே அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

வாசலில் அழைப்பு மணி அடித்தது. வீட்டுக்காரரேதான். கழுகு அவசரமாக முகத்தைத் துடைத்து, சட்டையை இழுத்துவிட்டு, பழைய செக்கர் மிடுக்கோடு நிமிர்ந்து நின்றார்.

"பணத்தை எந்த பேங்க்ல போட்டு வெச்சிருக்கே? இப்பவே செக் எழுதிக் கொடுத்துடலாமா?"

அவள் வெகுளியாகச் சிரித்தாள்.

"பேங்க்லயா? அவன் பிசாத்து வட்டி யாருக்கு வேணும், எனக்குன்னு ஒரு சார் இருக்காருங்க, மூணே மாசத்துல டபுளாக்கித் தர்றாரு!"