ரோசண்டா வீட்டுக்கு வந்த கூட்டம்

“அந்தப் பூந்தொட்டியை உள்ளே எடு. ஜன்னலுக்கு வெளியே வைக்கிறது விதிமீறல்.”

செவ்வாய்க்கிழமை காலையில் வுகோட்டா மனைவி ரோசண்டாவிடம் சொன்னது அது. இன்று வியாழன். கோட்டோர் வளைகுடா ஓரத்து அந்தப் பழைய ஊரில், மரங்களிலும் கோட்டை வாசலிலும் மீசையோடு அவர் படம் ஒட்டியிருந்தது. பதினொரு மணி முதல் வீட்டுக்கு வரலாம் என்று கீழே அறிவிப்பு.

ரோசண்டா மேசை நிறையப் பாலாடைக்கட்டியும் உப்பிட்ட இறைச்சியும் திராட்சைச் சாராயமும் பரப்பிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதியமும் தாண்டிவிட்டது. ஓர் ஈ கூட வரவில்லை. இந்த ஊரில் ஒரு மனிதனின் மதிப்பை, இப்படிப்பட்ட நாளில் வீட்டுக்கு வருகிற கூட்டத்தை வைத்துத்தான் எடைபோடுவார்கள். போன மாதம் மீன்கடைக்காரர் வீட்டு வரிசை படகுத்துறை வரை நின்றது.

“அடியே ரோசண்டா, இவ்வளவும் யாருக்கு? எறும்புக்கா?” எதிர் ஜன்னலில் தெசாங்கா.

“நீதான் வாயேன்.”

“வரேனே! உன் வீட்டுக்காரர் இடிக்க வச்சாரே என் பால்கனிக் கூரை, அதை அவரே வந்து கட்டித் தரட்டும். மறுநிமிஷம் வரேன்.”

வுகோட்டா பழங்காலக் கட்டடங்களின் கண்காணிப்பாளர். ஓர் ஓடு மாற்றினால் நோட்டீஸ். கதவுக்கு வேறு நிறம் அடித்தால் நோட்டீஸ். அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத வீடு ஊரில் இல்லை.

அப்போதுதான் சந்துக்குள் சிரிப்புச் சத்தம். கடலோரப் பழைய ஊர்களைச் சுற்றிப் பார்க்க வந்த செக் நாட்டுக் கல்லூரி மாணவர்கள். அவர்கள் மொழியும் இந்த ஊர் மொழியும் பங்காளிகள்; பாதி புரியும், மீதி புரிந்த மாதிரி இருக்கும்.

“டேய், போஸ்டர்ல போட்டிருக்கிற வீடு இதுதாண்டா! வேட்பாளர் வீடு. சாப்பாடெல்லாம் போடுறாங்க!” என்றான் ராதிம்.

“எதிர்த்து நிக்கிறவன் படம் ஒண்ணைக்கூடக் காணோம். மீசைக்காரர் ஜெயிச்ச மாதிரிதான்,” என்ற ஷார்கா வாசலில் எட்டிப்பார்த்தாள். “அத்தை, உள்ளே வரலாமா?”

ரோசண்டா அவளைப் பார்த்தாள். எதிர் ஜன்னலையும் பார்த்தாள்.

“வாங்க கண்ணுகளா. எல்லாரும் வாங்க.”

தட்டுகள் காலியாயின. ராதிம் தன் கோப்பையை ஷார்காவின் கோப்பையோடு இடிக்கத் தூக்கினான். ரோசண்டா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “இந்த மாதிரி நாள்ல கோப்பையை இடிக்கக் கூடாதுப்பா. அப்படியே குடி.”

“ஐயா ஊருக்கு என்ன பண்ணினார் அத்தை?” என்று கேட்டாள் ஷார்கா.

“இந்த ஊர் அந்தக் காலத்துல இருந்த மாதிரியே இருக்கு பாரு, அது அவர் பண்ணினது.”

“அடேயப்பா! அதைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்! அப்போ ஊரே அவர் பக்கம்னு சொல்லுங்க.” ஷார்கா எழுந்தாள். “அவர் கையைக் குலுக்கிட்டுப் போறோமே.”

எதிர் ஜன்னலில் தெசாங்கா தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். திறந்த வாய் மூடவில்லை.

“உள்ளேதான் இருக்கார். வரிசையாப் போங்க,” என்று சொல்லி ரோசண்டா உள்ளறைக் கதவைத் திறந்தாள்.

தலைமாட்டில் மெழுகுவர்த்தி எரிய, சவப்பெட்டிக்குள் புதுக் கோட்டு அணிந்து படுத்திருந்தார் வுகோட்டா. வெளிநாட்டுப் பிள்ளைகள் சிரிப்பை விழுங்கிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகத் தலைகுனிந்து நின்றார்கள். பெட்டியை மூடும்வரை, ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை.