அண்ணிக்கு மட்டும் வேணாம்

"செவுத்துல எழுதியிருந்ததை யாருங்க அழிச்சது?"

கிறிஸ்டினா கேட்டதும் எபினேசர் கையிலிருந்த சாக்பீசைக் கீழே வைத்தான்.

வேப்பம்பட்டில் அவர்கள் வீடு இன்னும் பூச்சு வேலை ஆகாமல் நின்றது. எபினேசர் காக்களூரில் பேனல் போர்டு செய்கிற கம்பெனியில் ஒயர்மேன். தன் வீட்டு ஒயரிங் பிளானைச் செங்கல் சுவரிலேயே வரைந்து வைத்திருந்தான். மாடியில் சோலார். படிக்கட்டுக்கு அடியில் பேட்டரி. அங்கிருந்து லைட், ஃபேன் எல்லாவற்றுக்கும் தொட்டாலும் ஷாக் அடிக்காத இருபத்திநாலு வோல்ட் டிசி. மிக்சிக்கும் மோட்டாருக்கும் மட்டும் சாதா கரண்ட்.

"புள்ள கை வெச்சாகூட பயப்பட வேணாம் கிறிஸ்டி. தெருவே இருட்டா கெடந்தாலும் நம்ம ஊட்ல ஃபேன் ஓடும்" என்று சொல்லித்தான் அவளைச் சம்மதிக்க வைத்திருந்தான்.

அவள் கேட்டது ஒண்ணே ஒண்ணு. எங்கே இருந்தாலும் எல்லாத்தையும் போனிலேயே போடணும், அணைக்கணும். திருநின்றவூரில் நாத்தனார் ஸ்நேகா வீட்டில் அப்படித்தான். போன கிறிஸ்துமசுக்கு வந்தபோது ஸ்நேகா புருஷன் அன்புராஜ், "கும்மிடிப்பூண்டில கம்பெனில நின்னுகினே எங்க ஊட்டு லைட்ட அணைப்பேன், தெரியுமா?" என்று எல்லார் முன்னாடியும் போனைத் தேய்த்துக் காட்டினான். அன்றிலிருந்து கிறிஸ்டினாவுக்கு அதே நினைப்பு.

அதுக்காகச் சுவரில் 'போன்' என்று எழுதியிருந்த இடம்தான் இப்போது வெறும் வெள்ளைத் தீற்றலாக இருந்தது.

"கேக்கறேன் இல்ல? வாயத் தொறங்க."

"ஊட்டுக்குள்ளயே ஒரு சின்ன பொட்டி வெச்சிடறேன் கிறிஸ்டி. பொழுது போனா அதுவே லைட் போடும். டேங்க் ரொம்பினா மோட்டாரை நிறுத்தும். நெட்டே தேவையில்ல. வெளிய இருந்து மட்டும் யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. என்னாலகூட முடியாது."

"வெளிய இருந்து முடியாதுன்னா அப்புறம் இன்னாத்துக்கு அது? யாரு சொல்லி அழிச்சீங்க?"

எபினேசருக்குப் பொய் வராது.

"ஸ்நேகா போன் பண்ணா. 'யார் ஊட்டுக்கு வேணா வெச்சிக் குடுண்ணா, அண்ணிக்கு மட்டும் வேணாம்'னு சொன்னா."

"ஏனாம்?"

"கேட்டேன். சொல்லல, போன வெச்சிட்டா."

"நான் சொல்லட்டா? அவ ஊட்ல கீறது என் ஊட்டுக்கு வந்துடக் கூடாது. அவ மட்டும் மகாராணியா இருக்கணும். நீங்களும் தங்கச்சி சொன்னதும் மண்டைய ஆட்டிகினு அழிச்சிட்டீங்க!"

"நாளைக்குக் காலைல செவுத்த வெட்டி பைப் பதிக்க ஆள் வராங்க. பதிச்சி பூசிட்டா அப்புறம் மாத்த முடியாது. சாயங்காலத்துக்குள்ள நீயே ஒரு முடிவ சொல்லு. நீ சொல்றதுதான்."

"அவ மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டு வந்து சொல்றேன்."

ஒரே ஒரு ஸ்டேஷன்தான். ரயிலில் நின்றபடியே என்னென்ன கேட்பது என்று கிறிஸ்டினா அடுக்கி வைத்துக்கொண்டாள். புருஷனைத் தவிர வேறு யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள். ஒரு வார்த்தை விட்டுப்போனாலும் அப்புறம் வாய் வராது.

மதியம் ரெண்டு மணி. கதவைத் திறந்த ஸ்நேகாவின் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

"வாங்கண்ணி! மெதுவா… இப்பத்தான் தூங்கினான்."

பாயில் ஆறு மாசக் குழந்தை. உடம்பெல்லாம் வேர்க்குரு. ஸ்நேகா உட்கார்ந்து, கையிலிருந்த நோட்டு அட்டையால் அதுக்கு விசிற ஆரம்பித்தாள்.

கிறிஸ்டினா அண்ணாந்து பார்த்தாள். ஃபேன் அசையாமல் நின்றது.

"கரண்ட் இல்லியா?"

"கீதுண்ணி."

உள்ளே ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்டது. கிறிஸ்டினா எழுந்து போய் ஃபேன் சுவிட்சைத் தட்டினாள். ரெண்டு தரம் தட்டினாள். ஃபேன் சுற்றவில்லை.

"ரிப்பேரா? உங்க அண்ணன வந்து பாக்கச் சொல்லட்டா?"

"ரிப்பேரெல்லாம் இல்லண்ணி. சுவிட்சுல போட்டா வராது, இருங்க."

ஸ்நேகா டிவிக்குப் பக்கத்தில் இருந்த சின்ன கேமராவைப் பார்த்துத் திரும்பினாள். விருந்தாளி வந்திருப்பதைக் காட்டுகிற மாதிரி, கிறிஸ்டினா பக்கம் கையை நீட்டினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. ஸ்நேகா நீட்டிய கையை எடுக்கவும் இல்லை.

அப்புறம் ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பித்தது.

ஸ்நேகா அட்டையைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி சிரித்தாள். "அவரு கம்பெனில கொஞ்சம் பிசி போல. இல்லாட்டி ஒடனே போட்டுடுவாரு."

ரயிலில் அடுக்கி வைத்த ஒரு வார்த்தையும் கிறிஸ்டினாவுக்கு இப்போது ஞாபகம் வரவில்லை. போனை எடுத்தாள். குழந்தை முழித்துக்கொள்ளாமல், கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சன்னமாகப் பேசினாள்.

"என்னாங்க… நீங்க அழிச்சது அழிச்சதாவே இருக்கட்டும். பொட்டிய வெச்சிடுங்க."

"ஸ்நேகாகிட்ட கேட்டியா? இன்னா சொன்னா?"

"ஊட்டுக்கு வந்து சொல்றேன்."

போனைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். ஸ்நேகா சட்டென்று அவள் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போங்கண்ணி. நீங்க படி எறங்கினா நிறுத்திடுவாரு… புள்ள முழிச்சிக்கும்."