அக்காவின் ஜன்னல்

வளைவு திரும்பியதும் ரயில்பெட்டி முழுக்க "ஆகா" என்கிறது. "மலையெல்லாம் தண்ணிக்குள்ள தலைகீழா நிக்குது!" என்று யாரோ கத்துகிறார்கள். எத்தனையோ வருஷம் ஆசைப்பட்டு இந்த ஏரியைப் பார்க்க வந்த தங்கைக்குத் தெரிவதெல்லாம் அக்காவின் கொண்டையும் அதன் ஓரத்தில் கொஞ்சம் நீலமும்தான். குமட்டல் வருகிறவளுக்குத்தான் ஜன்னல் என்பது சின்ன வயதிலிருந்தே வீட்டுச் சட்டம். இருவருக்கும் தலை நரைத்தும் அது மாறவில்லை. இந்த ரயில் ஜன்னலோ திறக்கவே திறக்காது. அந்தக் கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்து, கண்ணை இறுக மூடி, மூக்கருகே எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்திருக்கிறாள் அக்கா. "தலையைக் கொஞ்சம் சாய்ச்சுக்கோயேன், அக்கா." "அசைஞ்சா வந்துடும்டி. பையை ஒழுங்காப் பிடி." பிளாஸ்டிக் பையை விரித்துப் பிடித்தே தங்கைக்குக் கை மரத்துவிட்டது. எதிர் ஜன்னல் பெண் பாவம் பார்த்து எழுந்து, "இங்க வந்து பாருங்கம்மா" என்கிறாள். தங்கை பாதி எழுகிறாள். மூடிய கண் மூடியபடியே இருக்க, எலுமிச்சை ஈரத்தோடு ஒரு கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடிக்கிறது. "எங்கடி போற?" "எங்கயும் போகல. எல்லாம் என் தலையெழுத்து" என்று பொத்தென்று உட்கார்கிறாள். ஏரியின் வெளிச்சம் கூரையில் நெளிந்து, அக்காவின் இமைகளில் இறங்கி, நரைமுடியில் ஒரு கணம் நின்று, அணைகிறது. ரயில் சுரங்கப்பாதைக்குள் நுழைந்துவிட்டது. அக்கா இப்போதுதான் கண்ணைத் திறக்கிறாள். கண்ணாடியில் மூக்கை வைத்து வெளியே உற்றுப் பார்க்கிறாள். "ஒரே இருட்டா இருக்கு. இதைப் பாக்கவாடி என்னை இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்தே?"