அராவி அழித்த எண்கள்

நெளுக்குளம் அரிசி ஆலையில், நெல் அவிக்கும் கொதிகலனின் நீராவிக் குழாயில் காலையில் பொருத்திய பழைய வால்வை மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துப் பார்க்கிறாள் மெக்கானிக் தாட்சாயினி. எவ்வளவு அழுத்தமும் சூடும் தாங்கும் என்று இரும்பில் பொறித்திருந்த எண்களை யாரோ அராவி அழித்திருக்கிறார்கள். கைபேசியில் தரநிலை அட்டவணை திறந்திருக்கிறது. அதில் சூடு ஏற ஏறத் தாங்கும் அழுத்தம் குறைகிறது. எந்த வரிசை இந்த வால்வுக்குரியது என்றுதான் தெரியவில்லை. "அடுப்ப மூட்டட்டா தங்கச்சி? நெல்லு ஊறி நாறுது. மொதலாளி போன்ல ஏசுறாரு," என்கிறார் கொதிகலன் அடுப்புக்கு உமி அள்ளிப் போடும் பழனியாண்டி. "இது எவ்வளவு தாங்கும் எண்டு எனக்குத் தெரியேல்லை அண்ணை." அவர் தீக்குச்சியை உரசுகிறார். உமி பற்றிக்கொள்கிறது. "அப்ப வால்வுக்குக் கிட்ட நிக்காதேங்கோ," என்று அவள் கெஞ்சுகிறாள். "இங்க நின்னாத்தானே உமி போடலாம்," என்று அவர் அடுத்த கூடையைத் தூக்குகிறார்.