கிழக்கே பார்க்கும் காற்றாலை

அரிமளத்துக்கு வெளியே எங்கள் காற்றாலைகள் ஆறு. காற்று எங்கிருந்து வருகிறதோ, அங்கே தாமாகவே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இந்த ஆடியில் ஐந்து மேற்கே பார்த்தன. நான்காம் எண் மட்டும் கிழக்கே.

காற்றின் திசையைச் சொல்லும் சென்சாரை மூன்று முறை மாற்றினேன். தொண்ணூறு மீட்டர் ஏறி இறங்கி முட்டி வலித்ததுதான் மிச்சம். நானே மேற்கே திருப்பிவிட்டு வந்தாலும், டீ குடித்து முடிப்பதற்குள் பழையபடி நின்றது.

"நாளைக்குள்ள சரி பண்ணுங்க வித்யா. இல்லன்னா வேற ஆள அனுப்புறேன்" என்றார் மேனேஜர்.

"சார், அது ஓடுது. கரண்ட்டும் வருது."

"காத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு எப்படிங்க ஓடும்?"

அதைத்தானே நானும் பத்து நாளாகக் கேட்கிறேன்!

இன்று மதியம் காற்று அடியோடு நின்றது. மற்ற ஐந்தும் அசையவில்லை. நான்காம் எண் மட்டும் சுற்றியது. எரிச்சலில், அது பார்க்கும் திசையிலேயே நடந்தேன். வேப்பமரத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை. கடைசியில் ஒரு பெரிய வீடு பூட்டிக் கிடந்தது. கதவுக்கு நேரே கட்டிய கொடியில், காவல்காரர் பெரியகருப்பனின் ஈர வேட்டி படபடத்தது.

"உள்ள ஃபேன் ஓடுதாண்ணே?"

"கரண்ட்ட கட் பண்ணிப் பன்னெண்டு வருசமாச்சும்மா."

"அப்ப இந்தக் காத்து?"

"சாவித் தொவாரத்துலேருந்து வருது. போன வருசம் துண்டு காயத்தான் பத்துச்சு. இப்ப வேட்டியே காஞ்சுருது" என்று வேட்டியைத் திருப்பிப் போட்டார்.

திரும்பிப் பார்த்தேன். மூன்றாம் எண் மெதுவாக எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது.