ரெண்டே சீட்டு

வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு ஸ்பானர் சொன்ன முதல் வார்த்தை: "தகரம்."

நூலகருக்குச் சுருக்கென்றது. வண்டியை விற்கிற வீட்டு அம்மாவும் மகனும் பக்கத்திலேயே நிற்கிறார்கள். அந்தம்மாவின் முகம் வாடிவிட்டது.

"மெதுவா சொல்லேன்டா."

"தகரத்தை மெதுவா சொன்னா தங்கமாயிடுமா?"

ஸ்பானர் என்பது பட்டப்பெயர். நூலகரும் அவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஒருவர் புத்தகத்துக்குள் போனார், இன்னொருவர் காருக்கு அடியில் போனார். தெரிந்தவர்கள் யாரும் ஸ்பானரைக் கூட்டிப் போகாமல் பழைய வண்டி வாங்குவதில்லை.

இது சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட்டு. மேல்மூடியை மடித்துவிட்டால் தலைக்கு மேல் வானம்தான். கல்லூரிக்கு சைக்கிள் மிதித்த நாட்களில் இதே மாதிரி ஒன்று நூலகரை விர்ரென்று தாண்டிப் போகும். ஓட்டியவர் முகம்கூட ஞாபகமில்லை. காதோரம் அடித்துவிட்டுப் போன காற்று மட்டும் முப்பத்தைந்து வருடமாக அப்படியே இருக்கிறது.

பிள்ளைகள் படிப்பு, கல்யாணம் எல்லாம் முடிந்து, 'வாரம் பூரா பஸ், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இது' என்று மனைவியை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்திருந்தார். தேடித் தேடி, அவர் கைக்கு எட்டுகிற விலையில் வந்த ஒரே வண்டி இதுதான்.

"அப்பா தவறி மூணு வருஷமாச்சு சார்," என்றான் மகன். நெடுநெடுவென்று வளர்ந்தவன். ஊரின் மறுகோடியில் தனிக்குடித்தனம். இதற்காகவே ஞாயிற்றுக்கிழமை அதுவுமாகப் பத்து மணிக்கு வந்திருந்தான். "அன்னிலேர்ந்து இப்படியேதான் நிக்குது. அம்மா இதைப் பாத்துப் பாத்து உருகிட்டு இருக்காங்க. கண்ணுக்கு மறைவாப் போனாத்தான் மனசு ஆறும்."

அந்தம்மா வண்டியை மூடியிருந்த படுதாவை மடித்தபடி நின்றார். எழுபதை நெருங்கும் வயது. மகனின் நெஞ்சு உயரம்கூட இல்லை.

"இதுல நிறைய சுத்தியிருப்பீங்க, இல்லம்மா?" என்று கேட்டார் நூலகர்.

"ஞாயித்துக்கிழமை ஆனா ஏரி வரைக்கும் போவோம். நான் பிளாஸ்க்கை மடியில வெச்சுக்குவேன். வழியெல்லாம் அவர் ஏதாவது பாடிக்கிட்டே வருவார், சகிக்காது." லேசாகச் சிரித்தார். "போகும்போது அவர் ஓட்டுவார். வரும்போது..." மகனைப் பார்த்தார். நிறுத்திக்கொண்டார். "அதெல்லாம் அந்தக் காலம். இவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ஸ்பானர் பானெட்டைத் திறந்து குனிந்தார். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"ஸ்டார்ட் பண்ணிப் பாத்துடலாமே!" நூலகர் ஆசையாகச் சாவியைக் கையில் வாங்கினார்.

ஸ்பானர் அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"வேணாம். அடியெல்லாம் துருப்பிடிச்சுக் கெடக்கு. இதை எடுத்தா ஞாயித்துக்கிழமை ஓட்ட மாட்டே, தள்ளிக்கிட்டுத்தான் போவே." மகன் பக்கம் திரும்பினார். "தம்பி, இதை யார் தலையிலயும் கட்டாதீங்க. வாங்கினவன் மறுமாசமே வாசல்ல வந்து நிப்பான். பழைய இரும்புக்குப் போட்டாலும் ஒண்ணும் தேறாது. அப்பா ஞாபகமா இங்கயே இருந்துட்டுப் போகட்டும்."

"அவ்வளவு மோசமா சார்?"

"முப்பது வருஷமா இதுதானே தம்பி என் பொழப்பு!"

மகன் பெருமூச்சு விட்டான். "சரி, விளம்பரத்தை எடுத்துடறேன்."

கிளம்பும்போது ஸ்பானர் குடிக்கத் தண்ணீர் கேட்டு அந்தம்மா பின்னாலேயே உள்ளே போனார். நூலகர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஸ்பானர் தன் விசிட்டிங் கார்டை நீட்டினார். குரலைத் தணித்து என்னவோ சொன்னார். அந்தம்மா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

நூலகருக்கு எல்லாம் விளங்கிப் போயிற்று.

பஸ் ஸ்டாப் வரை பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். அப்புறம் முடியவில்லை.

"எத்தனை நாளாடா இந்த வியாபாரம்? என்னைக் கழட்டி விட்டுட்டு, நாளைக்கு நீயே போய் அடிமாட்டு விலைக்கு எடுக்கத்தானே கார்டு குடுத்தே? அந்தம்மா மனசு நோகுமேன்னுகூட உனக்குத் தோணல!"

ஸ்பானர் கோபப்படவில்லை. கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

"துரு ஒரு பொட்டுகூட இல்லடா. சாவியைத் திருப்பியிருந்தா முதல் திருப்புலயே உறுமியிருக்கும்."

"அப்புறம் ஏன்டா..."

"பானெட்டைத் தொறந்து கையை வெச்சேன். எஞ்சின் இன்னும் சூடா இருந்துச்சு. டிரைவர் சீட்டைப் பாத்தேன். ஸ்டீயரிங்கோட ஒட்டி முன்னால இழுத்துக் கெடந்துச்சு. பையனுக்குத் தெரிஞ்சா, இந்த வயசுலயான்னு சாவியை வாங்கி வெச்சுக்குவான்."

ஒரு பஸ் வந்தது. நூலகர் ஏறவில்லை. அது போகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி," என்று தொண்டையைச் செருமினார். "அந்தம்மாகிட்ட உள்ளே போய் என்னதான் சொன்னே?"

"இடது பக்கம் முன் டயர்ல காத்து கம்மியா இருக்கும்மா, அடுத்த ஞாயித்துக்கிழமை கிளம்பறதுக்கு முன்னால அடிச்சுக்கோங்கன்னேன்."