பத்மாசினியின் மெயில்

பழங்காநத்தம் பிரவுசிங் சென்டரில் முத்துக்குமரன் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஊரை விட்டு வந்தவன். கஸ்டமர் லேசாக முகம் சுளித்தாலும், வேலை போய்விடுமோ என்று பயப்படுவான்.

அன்று காலை கிரிதரன், தான் கட்டப்போகும் பெண்ணின் அப்பா ஹரிராமோடு வந்தார். பெண்ணின் அண்ணன் அமெரிக்காவிலிருந்து நிச்சயத் தேதி எழுதியிருப்பான் என்று மெயிலைத் திறந்தால், அனுப்பியவர் பெயர் உட்பட எல்லாம் கட்டமும் கொக்கியுமாக இருந்தது.

"என்கோடிங் கோளாறுண்ணே, இந்தா மாத்திர்றேன்" என்றான் முத்துக்குமரன்.

மாற்றியதும் தமிழ் எழுத்து வந்தது. அனுப்பியவர் பெயர் பத்மாசினி.

"மூடுடா அத! செத்துப்போன என் சம்சாரம் பேர்ல எவனோ விளையாடுறான்" என்றார் கிரிதரன்.

"ஸ்டவ் வெடிச்சுச் செத்த புள்ளதான? என்ன எழுதியிருக்குன்னு பாப்போம். நீ படி தம்பி" என்றார் ஹரிராம்.

முத்துக்குமரன் நாலு வரி படித்துவிட்டு விழித்தான். "எழுத்து நல்லாத்தாண்ணே இருக்கு. ஒண்ணும் விளங்கல."

"உனக்கு விளங்காது. எங்க சௌராஷ்டிர பாஷய தமிழ் எழுத்துல அடிச்சிருக்கு. நிறுத்தாத" என்றார் ஹரிராம்.

கிரிதரன் எட்டி மானிட்டரை அணைத்தார். திரை கறுத்தது. ஆனாலும் முத்துக்குமரன் வாய் நிற்கவில்லை. தெரியாத பாஷை, அவனுடைய குரலிலேயே, தட்டுத்தடங்கலில்லாமல் வந்துகொண்டிருந்தது. பயந்துபோய் வாயைப் பொத்தப்போன அவன் கையை ஹரிராம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

முழுதும் கேட்டு முடித்தபின், சென்டரில் இருந்த எல்லோருக்கும் புரியட்டும் என்று கிரிதரனிடம் தமிழிலேயே கேட்டார்:

"அவ உள்ள எரியும்போது அடுப்படிக் கதவுக்கு வெளிய ஏன்டா தாப்பா போட்ட?"